விருந்தும் தொன்மையும்: எம்.ஐ.ஏ.வின் இசை மாற்றமும் கேட்போர் எதிர்வினையும்

ஆய்வுச் சுருக்கம்

ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2005 முதல் 2022 வரை ஆறு இசைத்தொகுப்புகளை வெளியிட்டுள்ளார். மின்னணு இசையோடு பல நாட்டுத் தாளங்களையும் இணைத்த இவருடைய ஒலியமைப்பு தொகுப்புக்குத் தொகுப்பு மாறியது. கேட்போரின் மதிப்பீடும் அதனோடு சேர்ந்து ஏறியும் இறங்கியும் வந்தது. 2007இல் வெளியான 'கலா' பெரும் வரவேற்பைப் பெற்றது. 2010இல் வெளியான 'மாயா' விற்பனைப் பட்டியலில் அதனினும் உயர்ந்த இடத்தை அடைந்தும் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. இம்முரணைத் தொல்காப்பியம் கூறும் 'விருந்து', 'தொன்மை' ஆகிய வனப்புகளின் துணைகொண்டும், யவுஸின் ஏற்புக்கோட்பாட்டின் துணைகொண்டும் இக்கட்டுரை விளக்குகிறது. புதுமை விரும்பப்படுவதும் வெறுக்கப்படுவதும் ஒலியின் தன்மையால் மட்டும் முடிவாவதில்லை. அந்த ஒலி எங்கிருந்து வரவேண்டும் என்று கேட்போர் முன்னரே கொண்டுள்ள எண்ணமும் அதனை முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

குறிச்சொற்கள்: எம்.ஐ.ஏ., ஏற்புக்கோட்பாடு, விருந்து, உறுமி, உலக இசை, புலம்பெயர் தமிழர், மின்னணு இசை.

முன்னுரை

ஒரு கலைஞர் தம் நடையை மாற்றிக்கொள்ளும்போது அவரைப் பின்தொடர்ந்தோர் இரண்டாகப் பிரிவது எல்லாக் கலைகளிலும் காணத்தக்கது. முன்பிருந்ததே நன்று என்பர் ஒரு சாரார். தேங்கி நில்லாமல் நடந்தார் என்பர் மற்றொரு சாரார். இப்பிரிவு வெறும் சுவை வேறுபாடாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் பல பண்பாடுகளின் ஒலிகளைக் கலந்து இசைக்கும் கலைஞரிடத்தில் இச்சிக்கல் மேலும் ஒரு மடிப்பைப் பெறுகிறது. அவரை ஒரு நிலப்பகுதியின் பிரதிநிதியாகக் கேட்டுப் பழகியோர், அவர் அந்நிலத்தின் ஒலியைக் கைவிட்டதாக உணரும்போது ஏமாற்றம் அடைகின்றனர். அந்த ஏமாற்றம் இசை பற்றியதா, இசைப்பவர் எவ்வாறு இருக்கவேண்டும் என்னும் கட்டளை பற்றியதா என்பது ஆராயத்தக்க வினாவாகும். எம்.ஐ.ஏ.வின் இசைப்பயணம் இவ்வினாவுக்குத் தெளிவான சான்றாக அமைகிறது.

கோட்பாட்டு அடிப்படை

தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளைத் தொகுத்துரைக்கிறது. அவை அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்பன. இவற்றுள் தொன்மை பழங்கதையைத் தழுவி வருவது. விருந்து புதிதாகப் புனையப்படுவது. பேராசிரியர் தொன்மைக்குப் பெருந்தேவனார் பாரதத்தையும் தகடூர் யாத்திரையையும், விருந்துக்கு முத்தொள்ளாயிரத்தையும் பொய்கையார் முதலாயினோர் செய்த அந்தாதிகளையும் எடுத்துக்காட்டுவார். பழமையும் புதுமையும் ஒன்றையொன்று மறுக்கும் பகைப்பொருள்களாக இங்கு வைக்கப்படவில்லை. இரண்டுமே வனப்பு என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்குகின்றன.

'விருந்து' என்னும் சொல்லின் பொருள் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. புதுமை என்னும் பொருளிலிருந்து புதிதாக வந்தவரைக் குறித்து, பின்னர் அவருக்குப் படைக்கும் உணவையும் அது குறிக்கலாயிற்று. புதுமை என்பது முன்பின் அறியாத ஒருவரின் வருகை. உணவு என்பது சுவைத்து மகிழத்தக்கது. இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட தொலைவே கலையை ஏற்பதில் எழும் சிக்கல் எனலாம்.

செருமானிய இலக்கிய வரலாற்றறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யவுஸ் 1967இல் முன்வைத்த ஏற்புக்கோட்பாடு இதனோடு ஒப்பவைத்துக் காணத்தக்கது. ஒரு படைப்பை அணுகுவோர், தாம் முன்பு அறிந்த படைப்புகளால் உருவான 'எதிர்பார்ப்பு எல்லை' ஒன்றுடனேயே அணுகுகின்றனர் என்பது அவர் கருத்து. படைப்புக்கும் அவ்வெல்லைக்கும் உள்ள இடைவெளியை அவர் அழகியல் தொலைவு என்றார். எதிர்பார்த்ததை அப்படியே நிறைவேற்றித் தரும் கலையைச் சமையற்கலையோடு ஒப்பிட்டார். யவுஸின் மொழியில் சொன்னால், உணவாகிய விருந்து எளிதில் ஏற்கப்படும். புதுமையாகிய விருந்து தன் அவையைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இசையைப் பொறுத்தவரை, லியொனார்ட் மெயர் 1956இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பார்ப்பையே உணர்ச்சியின் ஊற்றாகக் காண்கிறது. அடுத்து வரவேண்டிய ஒலியைச் செவி முன்கூட்டியே அவாவுகிறது. அது தாமதப்படும்போதும் தடுக்கப்படும்போதும் உணர்ச்சி எழுகிறது. மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், சுவைத்த பொறியின் உணர்வு, மனத்தில் எழும் குறிப்பு, உடலில் தோன்றும் விறல் என நான்கு படிகளைப் பிரித்துக் காட்டுவதும் இங்கு நினைக்கத்தக்கது. பொருள் ஒன்றாக இருப்பினும் மனக்குறிப்பு கேட்போர்தோறும் வேறுபடலாம். ஆகவே எதிர்வினையை ஆராய்வதற்கு ஒலியை மட்டும் ஆராய்தல் போதாது.

'உலக இசை' என்னும் அடையாளம்

1987இல் லண்டனில் கூடிய சிறு இசை நிறுவனத்தாரும் ஒலிபரப்பாளர்களும், மேற்கத்திய வகைப்பாடுகளுள் அடங்காத இசைத்தட்டுகளைக் கடைகளில் எந்த அடுக்கில் வைப்பது என்னும் சிக்கலுக்குத் தீர்வாக 'உலக இசை' என்னும் பெயரை வணிகப் பெயராகத் தேர்ந்தனர். பெயர் வணிகத் தேவையால் பிறந்ததெனினும், அது கேட்கும் முறையையும் வகுத்தது. அவ்வடுக்கில் வைக்கப்பட்ட இசை ஓர் ஊரையும் ஓர் இனத்தையும் ஒரு மரபையும் சுட்டவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு உருவானது. மின்னணு இசையோ இதற்கு மாறாக இயந்திரத்தின் இசை, ஊரற்ற இசை, எதிர்காலத்தின் இசை என்று கருதப்பட்டது.

எம்.ஐ.ஏ. இவ்விரு அடுக்குகளுக்கும் இடையில் தோன்றியவர். 1975இல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்த அவர், ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். போர்ச் சூழலில் சென்னையிலும் சிறிது காலம் வாழ்ந்தபின், 1980களின் நடுப்பகுதியில் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் ஏதிலியாக லண்டனுக்குத் திரும்பினார். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் ஓவியமும் திரைப்படமும் பயின்றார். அவருடைய மேடைப்பெயர், களத்தில் காணாமற்போனவரைக் குறிக்கும் ஆங்கிலப் படைத்துறைச் சொல்லின் முதலெழுத்துகளால் ஆனது. மேற்கத்தியக் கேட்போருக்கு அது துணிச்சலான ஒரு சொல்விளையாட்டு. காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் குடும்பங்களை அறிந்த ஈழத்தமிழருக்கு அது அவ்வாறு மட்டும் ஒலிப்பதற்கில்லை. பெயரைக் கேட்கும்போதே இரு வேறு எதிர்பார்ப்பு எல்லைகள் தோன்றிவிடுகின்றன.

அருளர்: இயந்திரத்தின் எளிமை

எலாஸ்டிகா என்னும் குழுவின் பயணங்களில் உடன்சென்றபோது, பீச்சஸ் என்னும் இசைக்கலைஞர் வாயிலாக ரோலண்ட் எம்.சி.-505 என்னும் தாளக்கோவைக் கருவி எம்.ஐ.ஏ.வுக்கு அறிமுகமானது. இசைப்பயிற்சி இல்லாதவரும் தாளத் துணுக்குகளை அடுக்கி ஒரு பாடலைக் கட்டியெழுப்ப அக்கருவி இடமளித்தது. 2003இல் ஒரு சிறு நிறுவனம் 500 படிகளாக வெளியிட்ட 'கலாங்' என்னும் பாடலும், 2005இல் வெளியான 'அருளர்' என்னும் முதல் தொகுப்பும் இக்கருவியின் தன்மையை வெளிப்படையாகக் காட்டுகின்றன. தாளம் முன்னிற்கிறது, மெட்டு குறைவு, ஒலிகளுக்கிடையே வெற்றிடம் மிகுதி, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவிலான குரல். சமைக்காவின் நடன இசை, ரியோ டி ஜெனிரோவின் ஃபங்க், லண்டனின் தெருவோர இசை ஆகியன இவ்வெற்றிடத்துள் வந்து அமர்ந்தன.

தொகுப்பின் பெயர் தந்தையின் இயக்கப்பெயர். அவர் ஈழப் புரட்சிகர மாணவர் அமைப்பான ஈரோஸின் தொடக்கக் காலத்தவர்களுள் ஒருவர். தொகுப்பின் அரசியல் சொற்கள் சிலருக்குக் கிளர்ச்சியையும் சிலருக்கு ஐயத்தையும் தந்தன. எனினும் இசைத் திறனாய்வாளர் பலர் அதனை வரவேற்றனர். பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் 2005இல் அது இடம்பெற்றது. அமெரிக்க பில்போர்டு தொகுப்புப் பட்டியலில் அது எட்டிய உயர்ந்த இடம் 190 மட்டுமே. பாராட்டியோர் சிறு வட்டத்தினர். அவர்கள் புதுமையைத் தேடிவந்தவர்கள். ஆகவே அழகியல் தொலைவு அவர்களுக்குத் தடையாக இல்லை. அத்தொலைவே அவர்களை ஈர்த்தது.

கலா: உறுமியும் ஊர்களும்

இரண்டாம் தொகுப்பை அமெரிக்காவில் உருவாக்குவதாக இருந்த திட்டம் நுழைவிசைவுச் சிக்கலால் தடைப்பட்டது. அத்தடையே இசை மாற்றத்துக்குக் காரணமாயிற்று. இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளுக்குச் சென்று எம்.ஐ.ஏ. ஒலிகளைத் திரட்டினார். சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடத்திலும் பதிவுகள் நடைபெற்றன. தாயின் பெயரைத் தாங்கிய 'கலா' 2007இல் வெளிவந்தது.

'அருளர்' தொகுப்பின் வெற்றிடங்கள் இதில் நிரப்பப்பட்டன. உறுமி, குழந்தைகளின் குரல், கூட்டத்தின் இரைச்சல், தெருவின் ஒலி ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. முதற்பாடலான 'பேம்பூ பாங்கா'வில், 'தளபதி' (1991) திரைப்படத்துக்கு இளையராஜா அமைத்த 'காட்டுக்குயிலு' பாடலின் பகுதி எடுத்தாளப்பட்டுள்ளது. 'பேர்ட் ஃப்ளூ'வில் 'ஜெயம்' (2003) திரைப்படத்தின் திருவிழாப் பாடலிலிருந்து பெற்ற தாளம் ஒலிக்கிறது. 'ஜிம்மி' என்பது பப்பி லஹரி இசையமைத்த 'டிஸ்கோ டான்சர்' (1982) பாடலின் மறுவடிவம். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் வில்கானியா மாப் குழுவும் ஒரு பாடலில் இடம்பெற்றது.

உறுமி இருமுக முழவு. வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்க்கும்போது எழும் உறுமலே அதற்குப் பெயராயிற்று. நாட்டார் தெய்வ வழிபாட்டிலும் ஊர்த் திருவிழாவிலும் ஒலிக்கும் அது, செவ்வியல் இசைமேடைக்கு வெளியே வளர்ந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறுமி மேளக் குழுக்கள் தமிழரின் வழிபாட்டு ஊர்வலங்களோடு இணைந்தவை. இக்கருவியின் சுருதி நழுவும் உறுமலும் மின்னணுக் கருவியின் தாழ்சுருதி அதிர்வும் செவிக்கு நெருங்கியவை. ஆகவே 'கலா'வில் உறுமி வெறும் ஒப்பனையாக நில்லாமல் மின்னணு இசையின் அடித்தளமாகவே செயற்படுகிறது.

ரோலிங் ஸ்டோன் இதழ் 'கலா'வை 2007ஆம் ஆண்டின் தலைசிறந்த தொகுப்பாகத் தேர்ந்தது. பில்போர்டு பட்டியலில் அது 18ஆம் இடத்தை அடைந்தது. மாற்றம் பெரிதாக இருந்தும் எதிர்ப்பு எழவில்லை என்பது கருதத்தக்கது. மேற்கத்தியக் கேட்போர் 'உலக இசை' என்னும் அடையாளத்தோடு எதிர்பார்த்த ஊர்களையும் மக்களையும் இத்தொகுப்பு மிகுதியாக வழங்கியது. ஒலி புதிது, அது வரும் திசையோ எதிர்பார்த்த திசை.

காகித விமானங்கள்: விரிந்த அவையினர்

'கலா'வில் இடம்பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்', தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைப்பகுதியை அடித்தளமாகக் கொண்டது. 2008இல் ஒரு திரைப்பட முன்னோட்டத்தில் ஒலித்தபின் அப்பாடல் பரவலாகி, அமெரிக்கத் தனிப்பாடல் பட்டியலில் 4ஆம் இடத்தை எட்டியது. ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதுக்கும் முன்மொழியப்பட்டது. அதே காலத்தில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படத்துக்காக ஏ.ஆர். ரகுமானோடு இணைந்து உருவாக்கிய 'ஓ... சாயா' ஆஸ்கர் விருதுக்கு முன்மொழியப்பட்டது.

குடியேறியோரைக் கள்ளத்தாள் அச்சிடுவோராகவும் கொள்ளையராகவும் காணும் பார்வையை எள்ளுவது 'பேப்பர் பிளேன்ஸ்'. அதன் பல்லவியில் சொற்களுக்கு மாற்றாகத் துப்பாக்கி ஒலியும் காசுப்பெட்டி ஒலியும் வருகின்றன. ஸ்டூவர்ட் ஹால் 1973இல் வகுத்த மூவகை ஏற்பும் இங்குப் பொருந்தும். எள்ளலை எள்ளலாகவே கொண்டோர் உண்டு. துப்பாக்கி ஒலியை வன்முறையின் புகழ்ச்சியாகக் கொண்டு மறுத்தோர் உண்டு. பொருளை ஒதுக்கிவிட்டு மெட்டை மட்டும் ஏற்று நடனமாடியோரும் உண்டு. இம்மூன்றாம் வகையினரின் வருகையால் எம்.ஐ.ஏ.வின் அவை பன்மடங்கு விரிந்தது. அடுத்த தொகுப்பை எதிர்நோக்கியோரின் எதிர்பார்ப்பு எல்லையை வரைந்தது பெரும்பாலும் இந்த ஒரு பாடலே.

மாயா: முறிந்த எதிர்பார்ப்பு

2009 மே மாதத்தில் ஈழப்போர் முள்ளிவாய்க்காலில் முடிவுற்றது. கைகள் கட்டப்பட்ட ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியைப் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி அவ்வாண்டு ஆகஸ்டில் ஒளிபரப்பியது. இலங்கை அரசு அதனை மறுத்தது. ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் பணித்த வல்லுநர்கள் 2010 சனவரியில் அக்காட்சி உண்மையெனக் கொள்ளத்தக்கதென்றனர். இச்சூழலில், 2010 ஏப்ரலில், ரொமேன் காவ்ராஸ் இயக்கிய 'பார்ன் ஃப்ரீ' பாடலின் காணொளி வெளியானது. செந்நிறத் தலைமுடி உடையோர் என்பதற்காகவே இளைஞர்கள் படையினரால் வேட்டையாடப்படுவதை அது காட்டியது. யூடியூப் அதன் பார்வைக்குக் கட்டுப்பாடு விதித்தது.

2010 சூலையில் வெளிவந்த 'மாயா' தொகுப்பு இசையமைப்பிலும் முந்தையவற்றிலிருந்து விலகியது. அதன் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த கலைஞரின் இல்லத்தில் உருவானது. பயணத்தில் திரட்டிய ஒலிகளின் இடத்தில் இணையத்தின் ஒலிகளும் தொழிற்கூடத்தின் ஒலிகளும் அமர்ந்தன. துளைப்பொறியின் இரைச்சல், சிதைக்கப்பட்ட கித்தார், எல்லை மீறி உயர்த்தப்பட்ட ஒலியளவு, இயந்திரத்தால் மாற்றப்பட்ட குரல் ஆகியவை அதன் இயல்புகள். 'பார்ன் ஃப்ரீ' சூசைட் என்னும் நியூயார்க் இருவரின் 1977ஆம் ஆண்டுப் பாடலை அடித்தளமாகக் கொண்டது. தொகுப்பின் பெயர் சாய்கோடுகளால் எழுதப்பட்டது. தேடுபொறியில் எழுத்தாகத் தேடுவதற்கு அது எளிதன்று. அட்டையில் கலைஞரின் முகம் காணொளிப் பட்டைகளால் மறைக்கப்பட்டிருந்தது.

பிட்ச்ஃபோர்க் இதழ் 'கலா'வுக்குப் பத்துக்கு 8.9 மதிப்பெண் அளித்திருந்தது. 'மாயா'வுக்கு அளித்தது 4.4. இரைச்சல் மிகுதி, மெட்டுக் குறைவு, ஒருமையின்மை ஆகியன பொதுவாகச் சுட்டப்பட்ட குறைகள். ராபர்ட் கிறிஸ்ட்காவ் போன்ற சிலர் அதனை உயர்வாக மதிப்பிட்டனர். அதே நேரத்தில் பில்போர்டு பட்டியலில் அது 9ஆம் இடத்தில் நுழைந்தது. ஐந்து தொகுப்புகளின் உயர்ந்த இடங்களை வரிசைப்படுத்தினால் 190, 18, 9, 23, 66 என அமையும். மிகுந்த கண்டனம் பெற்ற தொகுப்பே மிக உயர்ந்த இடத்தை அடைந்தது. பட்டியலின் தொடக்க இடம் தொகுப்பின் தரத்தைக் காட்டிலும் அதற்கு முன்னிருந்த எதிர்பார்ப்பையே அளக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

எதிர்வினையின் காரணங்கள்

'மாயா' பெற்ற எதிர்வினைக்கு மூன்று விளக்கங்கள் கூறலாம். முதலாவது, தொகுப்பே குறையுடையது என்பது. இதனை எளிதில் புறந்தள்ள இயலாது. இரைச்சல் மிகுந்த பாடல்களுக்கிடையே, 1982ஆம் ஆண்டு டச்சுப் பாடலொன்றின் மென்மையான மறுவடிவமும் 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஓ' போன்ற நேரடியான நடனப்பாடலும் வைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கிடையிலான தாவல்கள் கேட்போரைத் தடுமாறச் செய்தன என்பது ஏற்கத்தக்கதே.

இரண்டாவது, இசைக்கு வெளியிலான சூழல். 2010 மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் மாகசின் வெளியிட்ட நீண்ட கட்டுரை, கலைஞரின் அரசியல் பேச்சுக்கும் வசதியான வாழ்க்கைக்கும் இடையே முரண் இருப்பதாகச் சித்திரித்தது. தொகுப்பு வெளிவருமுன்னரே அவருடைய நேர்மை பற்றிய வழக்கு ஊடகங்களில் தொடங்கிவிட்டது. ஒலியைக் கேட்பதற்கு முன்பே மனக்குறிப்பு உருவாகிவிட்டது.

மூன்றாவது விளக்கமே இக்கட்டுரை வலியுறுத்துவது. 'கலா'வைக் கேட்டோர் ஊர்களைக் கேட்டனர். சென்னையின் முழவும் லைபீரியாவின் நினைவும் அவர்களுக்குத் தொலைநிலத்தின் செய்திகளாக ஒலித்தன. 'மாயா'வில் அந்தத் தொலைவு இல்லை. கேட்போர் நாள்தோறும் பயன்படுத்தும் கணினியும் தொலைபேசியும் அவர்கள் வாழும் நகரத்தின் இரைச்சலுமே அதன் பொருளாயின. தொலைநிலத்தின் குரலாக இருந்தவர் கேட்போரின் வீட்டுக்குள்ளேயே இருந்து பேசத் தொடங்கினார். தெற்கிலிருந்து வரும் முழவொலி எவ்வளவு உரத்ததாயினும் துடிப்பு எனப்பட்டது. அதே கலைஞர் எழுப்பிய தொழிற்கூட ஒலி இரைச்சல் எனப்பட்டது. விருந்து என்பதன் உணவுப்பொருளை எதிர்நோக்கியோர்முன் அதன் புதுமைப்பொருள் வந்து நின்றது எனலாம்.

இவ்விளக்கத்துக்குப் பிற்கால ஏற்பு ஓரளவு வலுவூட்டுகிறது. தொகுப்பின் தொடக்கத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஒலிக்கும் 'தி மெசேஜ்' என்னும் பகுதி, தனிமனிதரின் கருவிகள் இணையத்தோடும் இணையம் அரசோடும் பிணைந்திருப்பதாகக் கூறியது. 2010இல் அது மிகையான அச்சமாகக் கருதப்பட்டது. 2013 சூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அரசுக் கண்காணிப்பின் பரப்பை வெளிப்படுத்தியபின், அப்பகுதி மீண்டும் நினைவுகூரப்பட்டது. ஒலி மாறவில்லை, கேட்போரின் எல்லை மாறியது. இது அத்தொகுப்பின் எல்லாக் குறைகளையும் நீக்கிவிடாது. ஆயினும் முதல் எதிர்வினையை முடிவான மதிப்பீடாகக் கொள்ளலாகாது என்பதை உணர்த்தும்.

மாதங்கி முதல் மாதா வரை

2010 திசம்பர் 31 அன்று எம்.ஐ.ஏ. 'விக்கி லீக்ஸ்' என்னும் கலவைத் தொகுப்பைக் கட்டணமின்றி வெளியிட்டார். அதிலிருந்து உருவாகி 2012இல் தனிப்பாடலாக வந்த 'பேட் கேர்ள்ஸ்' பெரும் வரவேற்பைப் பெற்றது. மொராக்கோவில் படமாக்கப்பட்ட அதன் காணொளியும் பாராட்டப்பட்டது. மேற்காசிய மெட்டுச் சாயலும் பாலைநிலக் காட்சியும் கேட்போரை மீண்டும் தொலைநிலத்துக்கு அழைத்துச் சென்றன. அதே இயக்குநர், அதே பாடகர். ஆயினும் 'பார்ன் ஃப்ரீ' பெற்ற எதிர்ப்பு இதற்கு எழவில்லை.

2013இல் வெளியான 'மாதங்கி' கலைஞரின் இயற்பெயரையும், இசைக்கும் கல்விக்கும் உரிய தெய்வத்தின் பெயரையும் ஒருங்கே தாங்கியது. தாந்திரிக மரபில் மாதங்கி எச்சிலாகக் கழித்ததையும் படையலாக ஏற்பவள். 'கலா'வின் முழவும் 'மாயா'வின் சிதைவொலியும் இத்தொகுப்பில் அடுத்தடுத்து வருகின்றன. கழிக்கப்பட்ட ஒலியும் ஏற்கப்பட்ட ஒலியும் ஒரே பந்தியில் வைக்கப்படுகின்றன. 'மாயா'வைக் காட்டிலும் இது கனிவாகவே வரவேற்கப்பட்டது. முன்பு அதிர்ச்சியளித்த ஒலி பழகிவிட்டமையும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

ஏதிலியர் நெருக்கடி ஐரோப்பாவை உலுக்கிய 2015இல் 'பார்டர்ஸ்' வெளிவந்தது. 2016இல் 'எய்ம்' தொகுப்பு வந்தது. இதன் ஒலியமைப்பு தணிந்தது, தாளம் இளகியது. இப்போது எழுந்த குறை, கூர்மை மழுங்கியது என்பது. இரைச்சலுக்காகக் கண்டிக்கப்பட்டவர் அமைதிக்காகவும் கண்டிக்கப்பட்டார். தம் இறுதித் தொகுப்பாக இது அமையக்கூடும் என்று கூறியிருந்தவர், 2022இல் 'மாதா'வை வெளியிட்டார். தந்தை, தாய், தான், தெய்வம் என நகர்ந்த பெயர்வரிசை மீண்டும் தாயிடம் வந்தது.

தமிழ்ச் செவி

மேற்கத்திய ஏற்பை மட்டும் ஆராய்ந்தால் இப்பயணத்தின் ஒரு பகுதி விடுபட்டுவிடும். 'காட்டுக்குயிலு' பாடலை அறிந்த தமிழருக்கு 'கலா'வின் தொடக்கம் அயல்நிலத்தின் ஒலியாகத் தோன்றாது. எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் கே.ஜே. யேசுதாசும் பாடிய கொண்டாட்டப் பாடல் அது. நண்பர் இருவரின் களிப்பையும் திரைக்காட்சியையும் உடன்கொண்டு வருவது. மேற்கத்தியச் செவிக்கு விருந்தாகிய அதே துணுக்கு, தமிழ்ச் செவிக்குத் தொன்மையாகிறது. எனவே தமிழ்க் கேட்போரின் வினா வேறாகிறது. புதியதாக உள்ளதா என்பதைவிட, நம்முடையது எவ்வாறு கையாளப்பட்டுள்ளது என்பதே முன்னிற்கிறது. எடுத்தாளப்பட்ட இசையின் உரிமை, முழவு இசைத்த கலைஞரின் அடையாளம், அக்கருவி சார்ந்த வழிபாட்டுச் சூழல் ஆகியவை இவ்வினாவுள் அடங்கும். திறனாய்வுப் பாராட்டுகளில் அந்தக் கலைஞர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே நின்றுவிடுகின்றனர் என்பதும் ஒரு குறை.

'மாயா'வின் இரைச்சலும் இவ்வெல்லைக்குள் வேறு பொருள் பெறுகிறது. முள்ளிவாய்க்காலுக்கு ஓராண்டுக்குப் பின் வந்த தொகுப்பில் இனிமையை எதிர்நோக்குவது இயல்பா என்று கேட்கலாம். சிதைந்த ஒலியைத் தொழில்நுட்ப விளையாட்டாகக் கொள்வதற்கும், இணையத் திரையில் உறவினரின் அழிவைக் காண நேர்ந்த புலம்பெயர்ந்தோரின் நிலையாகக் கொள்வதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. இரண்டாம் வாசிப்பே சரியானது என்று வரையறுப்பது இங்கு நோக்கமன்று. அவ்வாறு கேட்பதற்குரிய வாய்ப்பு பெரும்பாலான முதல் மதிப்புரைகளில் கருதப்படவில்லை என்பதே குறிக்கத்தக்கது. தமிழர் அனைவரும் ஒரே வகையில் கேட்பர் என்பதும் இதன் பொருளாகாது. யாழ்ப்பாணம், சென்னை, கோலாலம்பூர், லண்டன் ஆகிய இடங்களின் செவிகள் வெவ்வேறு உறுமிகளைக் கேட்டு வளர்ந்தவை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. இசை மாற்றத்தின் அளவுக்கும் எதிர்ப்பின் அளவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. 'அருளர்' தொகுப்பிலிருந்து 'கலா'வுக்குச் சென்ற மாற்றம் பெரிதாயினும் வரவேற்கப்பட்டது. மாற்றம் எத்திசையில் நிகழ்ந்தது என்பதே எதிர்வினையைப் பெரிதும் முடிவு செய்தது. அவை விரிவடையும்போது எதிர்பார்ப்பு எல்லை சுருங்கவும் கூடும். ஒரு பாடலின் வெற்றி அடுத்த தொகுப்பை அளக்கும் கோலாகிவிடுகிறது. ஒரே ஒலித்துணுக்கு ஒரு செவிக்கு விருந்தாகவும் மற்றொரு செவிக்குத் தொன்மையாகவும் அமைவதால், கேட்போர் யார் என்று சுட்டாமல் கூறப்படும் இசை மதிப்பீடு முழுமை பெறாது.

பண்பாட்டின் பிரதிநிதியாகக் கருதப்படும் கலைஞருக்குத் தம் ஒலியை மாற்றிக்கொள்ளும் உரிமை எளிதில் வழங்கப்படுவதில்லை. தொல்காப்பியர் விருந்தைத் தொன்மையோடு ஒரே வரிசையில் வனப்பாக வைத்தது செய்யுளுக்குரிய இலக்கணம். அதனைக் கேட்போருக்குரிய இலக்கணமாகவும் கொண்டால், மாறிய ஒலியைப் பழைய ஒலியின் இழப்பாக மட்டும் அளக்கும் வழக்கம் மறுபார்வைக்கு உள்ளாகும். புலம்பெயர் தமிழ்க் கலைஞர்களின் படைப்புகளைத் தமிழ்ச் செவியின் எல்லையிலிருந்தும் மதிப்பிடும் ஆய்வுகள் பெருகுதல் வேண்டும்.